ஒரே மலை, பல ஓவியங்கள்

அச்சுப் படத்தைக் கட்டமிட்டுப் படியெடுப்பதே ஓவியப் பயிற்சி எனத் தொடக்கநிலை மாணவர் பலர் எண்ணுகின்றனர். அதனால் கை பழகும், கண் பழகுவதில்லை. திண்டுக்கல் மாணவருக்கோ ஊரின் நடுவே கோட்டைமலை நிற்கிறது. மரங்கள் அடராத வெறும் பாறையாதலின், ஒளியும் நிழலும் அதன்மேல் மறைவின்றித் தெரியும். காலையில் ஒரு சரிவு பொன்னிறம் கொள்ள, மறுசரிவு நீலச்சாம்பலாய் இருண்டிருக்கும். உச்சிவேளையிலோ மலையே தட்டையாகத் தோன்றும். இம்மூன்றையும் முதலில் கரிக்கோலால் மட்டும் வரைதல் வேண்டும். வண்ணப்பெட்டி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் இது கைகூடும். நீர்வண்ணத்தில் வெளிர்நிறத்தை முதலில் பூசுவதும், வெண்மைக்குத் தாளையே விட்டுவைப்பதும் அதன்பின் எளிதில் விளங்கும். பிரெஞ்சு ஓவியர் செசானும் தம் ஊரருகே இருந்த ஒரே மலையை, 1906இல் மறையும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்துகொண்டே இருந்தார்.