சைனா ட்ரெயில் பைக்: காசு கொடுத்ததோடு வேலை முடியவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. மலைப்பக்கப் பாடசாலைகளுக்குத் தினமும் போய்வருகிற ஆசிரியர்களும், ட்ரெயில் பைக் எடுக்க யோசிக்கிற தம்பிமாரும், அவர்களுக்குக் காசு சேர்த்துக் கொடுக்கிற வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரி 1 முதல் அரசாங்கம் திரும்பவும் திறந்தது. நடுவில் இருந்த ஐந்து வருடமும் பழைய பைக்குகள் எங்களுக்குள்ளேயே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இப்போது புதுசு வாங்கலாம் என்ற நிலை வந்ததும் ஊரில் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "சேர், அந்த சைனா ட்ரெயில் பைக் எடுக்கலாமா?"

இதற்கு ஊரில் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, "சைனா சாமானா? ஆறு மாசம் போகாது." மற்றது, "விலை குறைவு, பார்க்க லட்சணம், யோசிக்காமல் எடு." அக்குறணைப் பக்கமும் மடவளைப் பக்கமும் தெல்தோட்டைப் பக்கமும் இருந்து பாடசாலைக்கு பைக்கில் போய்வரும் நாங்கள் சொல்வது, இரண்டு பதிலுமே பிழை. மலிவான சீன ட்ரெயில் பைக் எங்கள் ரோட்டுக்கு ஏற்ற வண்டிதான். ஆனால் ஷோரூமை விட்டு வெளியே வரும் நாளில் அது முக்கால்வாசி வேலை முடிந்த வண்டி. மிச்சக் காலை வாங்கியவர்தான் முடிக்க வேண்டும். முடிப்பவருக்கு அது உழைக்கும். முடிக்காதவருக்கு "ஆறு மாசம்" என்ற பேச்சுத்தான் உண்மையாகும்.

முதலில், இந்த பைக் எல்லோருக்கும் தேவையா? இல்லை. கட்டுகஸ்தோட்டையில் இருந்து கண்டி டவுனுக்கோ, ஏ9 ரோட்டில் மாத்தளைப் பக்கமோ தார் ரோட்டிலேயே போய்வருபவருக்கு சாதாரண 100 சிசி பைக் அல்லது ஸ்கூட்டர் போதும். பெற்றோல் குறைவு, சீட் பதிவு, எந்த கராஜிலும் வேலை செய்வார்கள். அழகுக்காக ட்ரெயில் பைக் எடுத்து, வாகன நெரிசலில் கால் எட்டாமல் நிற்பதில் ஒரு இலாபமும் இல்லை.

தேவை யாருக்கு என்றால், மெயின் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பிய பிறகு கல்லும் களியும் உடைந்த கொங்கிரீட்டுமாகப் போகிறவர்களுக்கு. பன்வில, ஹுலுகங்கை தோட்டப் பக்கம், தெல்தோட்டை - கலஹா மேல் டிவிஷன்கள், ஹுன்னஸ்கிரியவில் இருந்து உள்ளே போகிற ரோடுகள் எல்லாம் அந்தக் கணக்கு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்துக்குச் செய்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். மண் சரிந்து ரோடு மூடிய இடங்களில் முதலில் நிற்பது பஸ். அந்தப் பாடசாலைகளில் ஒரு ஆசிரியர் வராவிட்டால் அந்தப் பாடத்துக்குப் பதில் ஆள் கிடையாது. ஆகவே காலை 7.30க்கு கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுமுன் போய்ச் சேருவது எங்கள் லீவுக் கணக்கு மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளின் கணக்கும்தான்.

இனி "சைனா" என்ற சொல்லைப் பார்ப்போம். மலிவான சீன பைக்குகள் பலவற்றின் என்ஜின் ஒரே பழைய குடும்பத்தில் இருந்து வந்தது. ஹொண்டா 1976இல் சிஜி125 என்ற பைக்கைக் கொண்டுவந்தது. பராமரிப்புக் குறைவாகவும் சுமை அதிகமாகவும் பாவிக்கிற வளரும் நாடுகளுக்காகவே செய்த என்ஜின் அது. மேலே கேம் செயின் கிடையாது, தள்ளுகம்பியால் வால்வ் திறக்கும் எளிய அமைப்பு. பாகிஸ்தானில் அந்தப் பெயரில் பைக் ஓடிக்கொண்டே இருக்கிறது. சீனக் கம்பெனிகள் அதே அமைப்பைப் பெருந்தொகையாகச் செய்து, 150, 200, 250 சிசி என்று பெருப்பித்து உலகம் முழுக்க அனுப்பின. அடிப்படை நல்லது. எங்கள் கராஜ் பாஸ்மாருக்கு விளங்காத மர்மம் ஒன்றும் அதற்குள் இல்லை.

சீனாவில் செய்தது என்றால் எல்லாம் ஒரே தரம் என்பதும் பிழை. சொங்சிங் நகரத்து லொன்சின் கம்பெனிதான் ஜெர்மன் பிஎம்டபிள்யூவுக்கு சி400 ஸ்கூட்டரைச் செய்து கொடுக்கிறது. அதே நாட்டில் இருந்துதான் பெயர் தெரியாத வண்டிகளும் வருகின்றன. வித்தியாசம் நாட்டில் இல்லை, செலவைக் குறைத்த இடத்தில் இருக்கிறது. மலிவு வண்டியில் என்ஜினைவிட செயின், டயர், பேரிங், ப்ளக், வயர் கனெக்டர், போல்ட் இறுக்கம் இவற்றில்தான் கைவைப்பார்கள். நல்ல காலம், இவை எல்லாம் நாங்கள் மாற்றக்கூடிய சாமான்கள்.

வியட்நாமில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டளவில் மலிவான சீன பைக்குகள் அங்கே வெள்ளமாக வந்து சந்தையைப் பிடித்தன. சனங்கள் ஆசையோடு வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் பழுதுகள் தொடங்கின, வண்டியின் பெயர் கெட்டது. 2002இல் ஹொண்டா தன் விலையை இறக்கி வேவ் அல்ஃபா என்ற பைக்கை விட்டதும் சனம் அந்தப் பக்கம் திரும்பியது. வாங்கிய அன்று மிச்சமான காசு, பிறகு வருகிற செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் மிச்சமா இல்லையா என்று தெரியும். அதுதான் பாடம்.

ஆகவே எங்கள் கணக்கு இது. கையில் இருக்கிற காசு முழுவதையும் பைக்குக்குக் கொடுக்காதீர்கள். விலையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்தை ஒதுக்கி வையுங்கள். அந்தக் காசு எங்கே போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறோம்.

1. முதல் நாள் போல்ட் வேலை. என்ஜின் பிடிக்கிற போல்ட், ஹேண்டில், ப்ரேக் கலிப்பர், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், பின் ஸ்ப்ரொக்கட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து இறுக்குங்கள். அதிர்வில் கழரக்கூடியவற்றைக் கழற்றி, நீல நிற த்ரெட் லொக் போட்டுப் பூட்டுங்கள். ஒரு பின்னேரத்து வேலை. ஷோரூமில் பார்த்திருப்பார்கள் என்று நம்பி விடாதீர்கள்.

2. க்ரீஸ். ஹேண்டில் பேரிங், பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம், சில்லு அச்சு இவை காய்ந்தபடியே வருவது உண்டு. கண்டி மழையில் காய்ந்த பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுசாக இருக்கும்போதே கழற்றி க்ரீஸ் வையுங்கள்.

3. ஒயில். முதல் 300 - 500 கிலோமீற்றருக்குள் ஒருமுறை மாற்றுங்கள். புது என்ஜினில் தேய்கிற இரும்புத் தூள் அதோடு வெளியே போகும். போத்தலில் 'ஜாஸோ எம்ஏ' என்று இருக்க வேண்டும். கார் ஒயில் மலிவு என்று ஊற்றினால் க்ளச் வழுக்கும். ஏற்றத்தில் என்ஜின் கத்தும், பைக் நகராது.

4. வால்வ் இடைவெளி. அதே 500 கிலோமீற்றரில் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை என்ஜினில் அரை மணித்தியால வேலை. தவறவிட்டால் ஸ்டார்ட் பிடிக்காது, வால்வும் எரியும்.

5. ப்ளக், கார்பரேட்டர். நல்ல ஜப்பான் ப்ளக் ஒன்று போடுங்கள், பெரிய விலை இல்லை. கார்பரேட்டர் வண்டி என்றால் கொஞ்ச நாள் ஓடியபின் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவாகப் போகிறது, என்ஜின் சூடாகும். கரி பிடித்திருந்தால் அதிகம் போகிறது. அதற்கேற்ப ஜெட்டை மாற்றலாம்.

6. செயின். வண்டியோடு வருகிற செயின் சீக்கிரம் இழுபடும். ஏற்றத்தில் அறுந்தால் என்ஜின் கேஸையும் உடைக்கும். தரமான செயின் ஒன்றுக்கு மாறுங்கள். செங்குத்து ஏற்றம் அதிகம் என்றால் பின் ஸ்ப்ரொக்கட்டில் ஒன்றிரண்டு பல் கூட்டலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஏறுவது இலேசாகும்.

7. டயரும் கம்பியும். பெரிய கட்டை வைத்த டயர் களியில் பிடிக்கும், நனைந்த தாரில் வழுக்கும். எங்கள் பயணத்தில் பெரும்பகுதி தார், கடைசிக் கொஞ்சம்தான் களி. ஆகவே இரண்டுக்கும் பொதுவான டயர் போடுங்கள். சில்லுக் கம்பிகளின் இறுக்கத்தை முதல் மாதத்தில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். டியூப் டயர் என்பதால் மேலதிக டியூப் ஒன்றும் லீவரும் சின்னப் பம்ப் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

8. ப்ரேக். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நல்ல பேட் போடுங்கள், ப்ரேக் ஒயிலை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினைப் பிடிக்க விடுங்கள். நியூட்ரலில் போட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் மஹியங்கனை ரோட்டுப் பதினெட்டு வளைவில் உயிரை வாங்கும். ப்ரேக் சூடேறினால் பிடிக்காது.

இந்த எட்டையும் முடித்தால் வண்டி முழுதாகிறது. பிறகு லைட் கனெக்டர்களில் க்ரீஸ், கொப்பிகள் வைக்கத் தண்ணீர் புகாத பெட்டி, பின்னால் குடும்பத்தை ஏற்றுபவர்கள் சில்லுக்குத் தடுப்பு. அபாயாவும் ஸாரியும் செயினில் சிக்குவது சின்ன விசயம் இல்லை. அந்தத் தடுப்பு இல்லாமல் யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள்.

கடதாசி விசயம். 100 சிசிக்கு மேற்பட்ட பைக் ஓட்ட 'ஏ' வகை லைசன்ஸ் வேண்டும், 'ஏ1' போதாது. ஸ்கூட்டர் லைசன்ஸோடு 200 சிசி ஓட்டினால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். பழைய ட்ரெயில் பைக் எடுப்பவர்கள் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் சேஸ் இலக்கத்தையும் வண்டியோடு வைத்துப் பாருங்கள். பழைய ஜப்பான் ட்ரெயில் பைக் நல்ல வண்டி என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் என்ஜின் மாறியது, புத்தகம் சரியில்லாதது, உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியது என்று மூன்று தலையிடி அதில் உண்டு. ஆசிரியர் சம்பளத்தில் அந்த அலைச்சலுக்கு இடமில்லை.

காசு விசயம். "சைனா பைக்கில் போனால் ஊர் என்ன சொல்லும்" என்று பயந்து, பெரிய வண்டியை லீசிங்கில் எடுத்து, ஐந்து வருடம் வட்டி கட்டுகிற இளைஞர்களைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்தப் பதிவே எழுத வந்தது. வட்டி மார்க்கத்திலும் பிழை, மாதக் கணக்கிலும் பிழை. இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்க ஆள் வரும். அதைவிட, ஒரு வருடம் சீட்டுப் பிடித்துக் கைக்காசுக்கு எடுத்த மலிவு வண்டி மேல். வட்டியில்லா முறையில் வாகனம் எடுக்க வசதி தருகிற வங்கிகளும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். ஒருவர் என்ன பைக்கில் வருகிறார் என்று பார்க்கிற கண்ணை முதலில் நாங்கள் திருத்த வேண்டும், மாப்பிள்ளை பார்க்கப் போகிற பெரியவர்கள் உட்பட.

இந்த வண்டிகளுக்கு எதிராகச் சொல்வதில் ஒன்று நியாயமானது: உதிரிப்பாகம். அதனால் வாங்குமுன் ஷோரூமில் ஏசிக்குள் இருந்து பேசாதீர்கள். கராஜுக்குப் போய் பாஸிடம் கேளுங்கள்: "இதன் க்ளச் ப்ளேட், கேபிள், கார்பரேட்டர், ப்ரேக் பேட் கண்டியில் கிடைக்குமா?" இல்லை என்றால் அந்த மொடலை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். ஒரே ஊரில் நாலு பேர் ஒரே மொடல் எடுத்தால் இன்னும் நல்லது. ஸ்பானர் செட், செயின் கழற்றுகிற கருவி, ஃபீலர் கேஜ் எல்லாவற்றையும் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேபிளும் டியூபும் மொத்தமாக எடுக்கலாம்.

2022 ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள். அந்த 4 லீற்றரில் பாடசாலைக்குப் போய்வந்தவர்களுக்கு இலேசான வண்டியின் அருமை தெரியும். அப்படி ஒரு காலம் திரும்பவும் வரக்கூடாது. வந்தாலும் எங்கள் கையில் பராமரித்த சின்ன வண்டி ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எந்த பைக்கும் மண்சரிவை வெல்லாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் மலை ரோட்டில் ஏறாதீர்கள். அதிபருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஹெல்மட்டின் பட்டியைப் பூட்டுங்கள், கையில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இந்த வகை வண்டி பாவிப்பவர்கள் கீழே எழுதுங்கள்: எந்த ரோடு, எத்தனை கிலோமீற்றர், முதலில் பழுதானது எது, பாகம் எங்கே கிடைத்தது. அடுத்து வாங்கப் போகிறவருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.