'துடைக்கவே வேண்டாம்' என்று சொல்லப்பட்ட துப்பாக்கி: எந்த அழுக்குக்கு எந்த எண்ணெய்?

பப்ஜி விளையாடியவர்களுக்கு எம்16 புதிய பெயர் அல்ல. அந்த விளையாட்டில் எவ்வளவு சுட்டாலும் துப்பாக்கி அடைத்துக்கொள்ளாது, யாரும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதும் இல்லை. ஆனால், நிஜ எம்16 வியட்நாமுக்குப் போனபோதும் ஏறக்குறைய இதே நம்பிக்கையோடுதான் போனது. அதற்குக் கொடுத்த விலை, உயிர்கள்.

1967 மே மாதம், வியட்நாமில் இருந்த ஒரு மரைன் வீரர் ஊருக்கு எழுதிய கடிதம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. சண்டை முடிந்து பார்த்தபோது, இறந்துகிடந்த தோழர்களில் பெரும்பாலானோரின் பக்கத்தில் துப்பாக்கி பிரித்துப் போட்ட நிலையில் கிடந்தது என்று அவர் எழுதியிருந்தார். அடைத்துக்கொண்ட துப்பாக்கியைச் சரிசெய்ய முயன்றபடியே அவர்கள் செத்திருக்கிறார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் இகோர்ட் தலைமையிலான துணைக்குழு இதை விசாரித்தது. தோட்டாவில் இருந்த குறைகள் தெரிந்தும் நடவடிக்கை எடுக்காத ராணுவ அதிகாரிகளின் அலட்சியம் குற்றத்துக்கு நெருக்கமானது என்று அதன் அறிக்கை சொன்னது.

என்னதான் நடந்தது?

எம்16-ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர், ஒரு வகை வெடிமருந்தை மனதில் வைத்துத்தான் அதை உருவாக்கினார். ராணுவம் இடையில் வேறொரு வெடிமருந்துக்கு மாறியது. புதிய மருந்தில் துப்பாக்கி வேகமாகச் சுட்டது, கூடவே அதிகக் கரியும் படிந்தது. எம்16-ல், தோட்டா வெடித்து வரும் வாயுவின் ஒரு பகுதி குழாய் வழியாகத் திரும்பி வந்து போல்ட் பகுதியை இயக்குகிறது. அப்போது கரியும் சேர்ந்தே உள்ளே வருகிறது. புதிய மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட்டும் தன் பங்குக்கு அந்தக் குழாயில் படிந்தது.

இரண்டாவது பிரச்சினை துரு. முந்தைய எம்14 துப்பாக்கியின் குழல் உட்புறத்தில் குரோமியப் பூச்சு இருந்தது. எம்16-க்கு அது கொடுக்கப்படவில்லை. வியட்நாமின் மழையிலும் ஈரத்திலும், தோட்டா உட்காரும் சேம்பர் பகுதி துருப்பிடித்துக் குழி விழுந்தது. சுட்டு முடித்த காலி உறை அந்தக் குழிகளில் கவ்விக்கொள்ளும், வெளியே வராது. குழலின் முன்பக்கத்திலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டி எடுத்தால்தான் உண்டு. அந்தக் கம்பியும் எல்லோர் கையிலும் இல்லை. 'இந்தத் துப்பாக்கிக்குப் பராமரிப்பு வேலை குறைவு' என்ற பேச்சு, களத்துக்கு வந்து சேர்வதற்குள் 'தானே சுத்தமாகிக்கொள்ளும்' என்று மாறியிருந்தது. தானே சுத்தமாகும் பொருளுக்குக் கம்பி எதற்கு, பிரஷ் எதற்கு?

பிறகு எல்லாம் வந்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு வந்தது. துப்பாக்கியின் பின்கட்டைக்குள்ளேயே துப்புரவுப் பொருட்களை வைக்க இடம் வந்தது. 1968-ல் புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடும் வந்தது. இருபது வயதுப் பையன்கள் படிக்கிற மாதிரி சொன்னால்தான் படிப்பார்கள் என்பதை ராணுவம் அப்போதுதான் புரிந்துகொண்டது போலும்.

'நல்ல எண்ணெய் எது?' என்ற கேள்வியே தப்பு

துப்பாக்கிச் சுத்தம் பற்றிப் பேச்சு வந்தாலே, எந்த பிராண்ட் நல்லது என்றுதான் விவாதம் போகும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படிந்திருப்பது என்ன அழுக்கு?

கரி என்றால் கரைப்பானும் பிரஷும் போதும். 1903 முதல் விற்பனையில் இருக்கும் 'ஹாப்பீஸ் நம்பர் 9' போன்ற திரவங்களின் முக்கிய வேலை இதுதான். ஆனால், தாமிர உறை போட்ட குண்டுகள் வேகமாகப் போகும்போது குழலின் உட்சுவரில் தாமிரத்தையும் தேய்த்துவிட்டுப் போகும். அதைக் கரைக்க அம்மோனியா கலந்த கரைப்பான் பயன்படுகிறது. உள்ளே விட்டு எடுத்த துணி நீலமாகவோ பச்சையாகவோ வந்தால் தாமிரம் கரைகிறது என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்கல பிரஷ் போட்டுத் தேய்த்தால் பிரஷில் உள்ள தாமிரமும் சேர்ந்து கரையும். குழல் சுத்தமான பிறகும் துணி நீலமாகவே வந்துகொண்டிருக்கும், தேய்ப்பவரும் தேய்த்துக்கொண்டே இருப்பார். அம்மோனியா திரவத்தை ஊறவிட்டு மறந்துவிடவும் கூடாது. லேபிளில் போட்டிருக்கும் நேரத்துக்குள் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

பாயின்ட் 22 ரகத்தில் பெரும்பாலும் வெறும் ஈயக் குண்டுகள். அங்கே அம்மோனியாவுக்கு வேலை இல்லை, பிரஷ்தான் பேச வேண்டும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'புல் த்ரூ' கயிறும் 'சிந்தி' துணியும் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் ராணுவக் காலத்திலிருந்து தொடரும் எளிய முறை அது. ஈயம் நஞ்சு என்பதால் கையுறை, காற்றோட்டம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் ஆகியவை கட்டாயம். சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது. தொடங்குவதற்கு முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது எல்லாவற்றுக்கும் முதல் படி.

உப்பு வந்தால் கதையே வேறு. பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக, குழலில் தங்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயைப் போட்டாலும் இந்த உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியிலேயே இருந்துகொண்டு அரிக்கும். அதைக் கரைப்பது தண்ணீர். லீ-என்ஃபீல்டு காலத்து பிரிட்டிஷ் வீரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றியது அதனால்தான். சூடான இரும்பு தானே காய்ந்துவிடும், அதன் பிறகுதான் எண்ணெய். துருவுக்கு எதிரி எண்ணெய், நண்பன் தண்ணீர் என்று பழகிய மனதுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும்.

சமையலறை எண்ணெய் போடலாமா?

போடக் கூடாது. சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். சமையல் எண்ணெய்கள் பலவும் காற்றுபட்டு அப்படித்தான் கெட்டியாகும். துப்பாக்கியின் நகரும் பாகங்களுக்குள் அந்தப் படலம் வந்தால் பசை போட்டது மாதிரிதான். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் பாட்டிலோடு உறைந்து நிற்பதும் தெரிந்ததே.

எல்லா வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40? அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. 'நீரை விரட்டுதல், 40-வது முயற்சி' என்பதன் சுருக்கம் அது. 1953-ல் ஏவுகணை உலோகத்தைத் துருவிலிருந்து காக்க உருவானது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை விரட்ட உதவும். தொடர்ந்து உராயும் பாகங்களில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அது விட்டுச்செல்லும் படலம் கெட்டியானது அல்ல.

சுத்தம், உயவு, துருக்காப்பு ஆகிய மூன்றையும் ஒரே பாட்டிலில் தரும் 'சிஎல்பி' வகை எண்ணெய் 1980-களில் அமெரிக்கப் படைகளில் பரவலானது. வசதியான பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், மூன்று வேலையைச் செய்யும் ஒன்று மூன்றிலும் முதலிடம் வாங்காது. கடுமையான தாமிரப் படிவை அது மட்டும் போதும் என்று நம்பி விடக் கூடாது. அமெரிக்க ராணுவக் கையேடே வெப்பநிலைக்கு ஏற்ப எண்ணெயை மாற்றச் சொல்கிறது. மைனஸ் 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சிஎல்பி வேண்டாம், கடுங்குளிருக்கான தனி எண்ணெய்தான். இரண்டு வகை எண்ணெயை ஒரே துப்பாக்கியில் கலந்து போடாதே என்றும் சொல்கிறது. நம்மூரில் பலரும் செய்வது அதைத்தான்: இருக்கிற எண்ணெய்க்கு மேலேயே புதுசையும் ஊற்றுவது.

தூசி விஷயத்தில் அனுபவமும் ஏமாற்றியிருக்கிறது. 2003-ல் இராக் போன வீரர்கள், சிஎல்பி எண்ணெய் டால்கம் பவுடர் போன்ற அந்த மணலை இழுத்து ஒட்டவைக்கிறது என்று புகார் சொன்னார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால், பின்னர் அமெரிக்க ராணுவம் தூசி அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, லேசாக எண்ணெய் போட்ட துப்பாக்கிகளைவிடத் தாராளமாகப் போட்டவைதான் குறைவாக அடைத்துக்கொண்டன. எண்ணெய் தூசியைப் பிடிக்கும் என்பது உண்மை. அந்தத் தூசி உலோகத்தை நேரடியாக உரசாமல் பார்த்துக்கொள்வதும் அதே எண்ணெய்தான்.

தமிழ்நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் சுடுவதால் வருவதில்லை, சுடாமல் வைத்திருப்பதால் வருகிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். கடலோர ஊர் என்றால் உப்புக்காற்று வேறு. அங்கே தேவை உயவு எண்ணெய் அல்ல, துருக்காப்பு எண்ணெய். கொடுப்பதற்கு முன் வெளியிலும் குழலுக்குள்ளும் அதன் மெல்லிய படலம் இருக்க வேண்டும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அதற்குள் வைத்து நாள்கணக்கில் விடக் கூடாது. தோட்டாக்கள் பக்கம் எண்ணெயே போகக் கூடாது, பிரைமருக்குள் கசிந்தால் வெடிக்காமல் போகலாம். திரும்பி வந்ததும் முதல் வேலை, குழலிலும் சேம்பரிலும் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுப்பது. சுடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.