கிராம சபைக்குள் எல்லோருக்கும் வழி: ஊராட்சி வாக்காளர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, மாவட்ட ஆட்சியர்கள், வட்டார வளர்ச்சி அலுவலர்கள், ஊராட்சித் தலைவர்கள், தனி அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள்.

அனுப்புநர்: கிராம ஊராட்சிகளின் வாக்காளர்களாகிய நாங்கள்.

முன்னுரை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். இதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. யாரும் எங்களை நீக்கவும் முடியாது. 1992-இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு வேலைகளையும் தந்தது. ஊரின் வளர்ச்சித் திட்டம், ஆண்டு வரவுசெலவு, முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தருவதும், நடக்கும் பணிகளின் முன்னேற்றத்தைப் பார்ப்பதும் கிராம சபையின் பொறுப்பு. 2022-இல் தமிழக அரசு ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் என்பதை ஆறாக உயர்த்தியது.

சட்டம் இப்படி இருக்கிறது. நடைமுறை வேறு. பதினெட்டு வயது முடிந்து முதல் முறை கிராம சபைக்கு வரும் ஒரு பெண்ணுக்குக் கூட்டம் எந்தத் தெருவில் என்றே முந்தின நாள் வரை தெரிவதில்லை. மேசையில் என்ன பொருள் வைக்கப்போகிறார்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் பற்றாளர் யார், அவர் எதற்காக வந்திருக்கிறார், எப்போது எழுந்து பேசலாம், பேசியது எந்தப் பதிவேட்டில் ஏறும், ஏறியபின் யார் பதில் சொல்வார்கள் என்று அவருக்குச் சொல்லித் தர ஆளில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் எல்லோரும் காட்டுகிறார்கள்.

மனு கொடுக்க ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள் உண்டு. கிராம சபையோ முடிவெடுக்கும் இடம். அந்த முடிவில் பங்கெடுக்க ஒருவருக்கு முன்கூட்டியே தகவல் வேண்டும், பேச இடம் வேண்டும், பேசியது எழுத்தில் ஏற வேண்டும், எழுதியதற்குப் பதில் வர வேண்டும். எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் இந்த நான்கிலிருந்து பிறந்தவை. இவற்றில் பெரும்பகுதி சட்டத்திலும் அரசுச் சுற்றறிக்கைகளிலும் ஏற்கெனவே இருக்கிறது. வேறு சில, பிற மாநிலங்களில் நடைமுறையில் உள்ளவை.

அ. கூட்டத்துக்கு முன்

1. அறிவிப்பு எல்லாக் குக்கிராமங்களுக்கும் வர வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை அரசு 2022-இல் தடை செய்தது. அதைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் கண்ணியத்துக்காக எடுத்த அந்த முடிவை வரவேற்கிறோம். ஆனால் பல ஊர்களில் தண்டோரா நின்றதோடு அறிவிப்பும் நின்றுவிட்டது. குறைந்தது ஏழு நாள் முன்னதாக, ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஊராட்சியின் ஒவ்வொரு தெருவுக்கும் போக வேண்டும். நாள், நேரம், இடம் எழுதிய தாள் ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தம், பால் சொசைட்டி ஆகிய இடங்களில் ஒட்டப்பட வேண்டும்.

2. கூட்டப்பொருளை முன்னதாகக் கொடுங்கள். துறையிலிருந்து வரும் பொருள்கள் ஒரு பக்கம். ஊர்க்காரர்கள் தரும் பொருள்கள் இன்னொரு பக்கம். உறுப்பினர் எவரும் எழுத்தில் தரும் பொருளை ஊராட்சிச் செயலர் ஒப்புகையுடன் பெற்றுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மேலிருந்து வந்த பொருள்களை வாசித்து முடிக்கவே மதியமாகி, ஊர்ப் பிரச்சினைக்கு நேரமில்லாமல் போகும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும்.

3. கணக்கு சுவரில் தெரிய வேண்டும். ஊராட்சியின் வங்கிக் கணக்குகள் ஒவ்வொன்றிலும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு ஆகியவை கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மோட்டார் பழுதுக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு எவ்வளவு என்று தலைப்புவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். “இதர செலவுகள்” என்ற ஒரே வரியில் லட்சங்களை அடக்கிவிடக் கூடாது.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகளை (919, 921) மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. அங்கே குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் தேவைப்பட்டன. எங்களில் பெரும்பாலோர் அந்த வாசலையே தாண்டியிருக்க முடியாது. ஆனாலும் அந்த விதிகளில் ஒன்று இன்றைக்கும் வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்பதே அது.

ஆ. கூட்டத்தில்

4. இடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். மதச்சார்புள்ள வளாகங்களில் கூட்டம் நடத்தக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசே சொல்கிறது. ஆனால் பட்டியல் சாதியினர் வாழும் தெருவுக்கு அந்தச் சுழற்சி எத்தனை முறை வந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு ஊராட்சியும் தன் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

இதை வலியுறுத்த எங்களுக்குக் காரணம் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியவில்லை. 2006-இல்தான் அது நடந்தது. மற்றொரு தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாற்காலியில் யார் உட்காரலாம் என்ற கேள்வி அந்த ஊர்களோடு தீர்ந்துவிடவில்லை. தலைவர் எந்தச் சாதியினராக இருந்தாலும் நடு நாற்காலி அவருக்கே உரியது. பாய் விரித்தால் எல்லோருக்கும் பாய். நாற்காலி போட்டால் எல்லோருக்கும் நாற்காலி. இதில் குறை நேர்ந்தால், கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலராகிய பற்றாளர் அதைத் தன் அறிக்கையில் எழுத வேண்டும்.

5. பெண்கள் பேசும் நேரம் உறுதியாக வேண்டும். தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் 2016 முதல் சட்டத்தில் உண்டு. அந்தப் பாதியில் எத்தனை இடங்களில் கணவர் பேச, தலைவி தலையாட்டுகிறார் என்பது ஊரறிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவரின் கணவரோ மகனோ அண்ணனோ மேசைக்குப் பக்கத்தில் அமரக் கூடாது என்று அரசு தெளிவாக ஆணையிட வேண்டும். மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன்பாகப் பெண்கள் தனியாகக் கூடும் மகிளா சபைக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. அதே ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும். பெண்கள் எடுக்கும் முடிவுகள் கிராம சபையின் முதல் பொருளாக வைக்கப்பட வேண்டும்.

6. முதல்முறை வருபவருக்கு ஒரு பக்கம். கூட்டம் எப்படி நடக்கும், யார் யார் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள், தீர்மானத்தை எப்படி முன்மொழிவது, ஏற்காதவர் தன் மறுப்பை எப்படிப் பதிவு செய்வது என்று எளிய தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளை வாசலிலேயே கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தின் தொடக்கத்தில் அதை வாசிக்க வேண்டும். காது கேளாதவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோருக்கான ஏற்பாட்டை ஊராட்சி முன்னதாகவே செய்திருக்க வேண்டும். நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் நிலை இருக்கக் கூடாது.

7. தலைகள் இருந்தால்தான் குறைவெண். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 50 பேர் வந்திருக்க வேண்டும், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 என்று விதி இருக்கிறது. வேலைத்தளத்துக்கு நோட்டை எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி இந்த எண்ணை நிரப்புவது மோசடி. தீர்மானம் வைக்கும் நேரத்தில் பற்றாளர் தலைகளை எண்ணி, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அதிகமுள்ள ஊர்களில், காலை 11 மணி என்ற வழக்கத்தை மாற்றி மாலையில் கூட்டம் நடத்த ஊராட்சிக்கு அனுமதி வேண்டும்.

இ. கூட்டத்துக்குப் பின்

8. கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானம் எழுதப்பட வேண்டும். கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் தீர்மானம் எங்கள் தீர்மானமல்ல. ஒவ்வொரு பொருளும் முடிந்ததும் அதன் வாசகத்தை எழுதி, உரக்க வாசித்து, பிறகே அடுத்த பொருளுக்குப் போக வேண்டும். வெற்றிடம் விட்ட பக்கத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. நிறைவேறாத தீர்மானமும், தெரிவித்த எதிர்ப்பும் அதே புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுக்க உறுப்பினர் எவரையும் தடுக்கக் கூடாது. எங்கள் தீர்மானத்தின் நகலைப் பெற, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு நாங்கள் காத்திருக்க வேண்டியிருப்பது அவமானம்.

9. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பதில் வேண்டும். இந்தச் சாசனத்தின் மையக் கோரிக்கை இது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மேலூர் பகுதி கிராம சபைகள் 2024 நவம்பர் 23 அன்று தீர்மானம் நிறைவேற்றின. அரிட்டாபட்டி மக்களும் சுற்றுவட்டார மக்களும் தொடர்ந்து நின்று போராடினார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் நிலம் கையகப்படுத்தும் பணி தொடர்ந்தது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2013-இல் கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் வரவில்லை. ஒரு தீர்மானத்தின் பலம் சட்டத்தில் இருக்க வேண்டும். போராட்டத்தின் நீளத்தையோ நீதிமன்றத்தின் கருணையையோ நம்பி அது இருக்கக் கூடாது.

ஆகவே, ஊராட்சி தானே முடிக்கக்கூடிய தீர்மானங்களுக்கு 30 நாளிலும், ஒன்றியம், மாவட்டம், துறை அளவில் முடிவெடுக்க வேண்டியவற்றுக்கு 60 நாளிலும் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். ஏற்க முடியாது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த கிராம சபையின் முதல் அரைமணி நேரம், முந்தைய தீர்மானங்கள் என்னவாயின என்று சொல்வதற்கே ஒதுக்கப்பட வேண்டும்.

10. சமூகத் தணிக்கை சடங்காகக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாக்கியது. வேலையின் பெயர் மாறலாம், திட்டம் மாறலாம். கூலியை யார் வாங்கினார், வேலையை யார் பார்த்தார் என்று ஊர் நடுவில் வாசிக்கும் அந்த உரிமை குறையக் கூடாது. குடிநீர், வீடு, சாலைத் திட்டங்களுக்கும் அதை விரிவாக்குங்கள்.

ஈ. சட்டத்தில்

11. நாங்கள் கேட்டாலும் சபை கூட வேண்டும். கேரளத்தின் ஊராட்சிச் சட்டத்தில், உறுப்பினர்களில் பத்து விழுக்காட்டினர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். அங்கே கிராம சபையும் வார்டு வாரியாகக் கூடுகிறது. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இவை இரண்டும் சேர வேண்டும்.

12. தேர்தலைத் தள்ளாதீர்கள். 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் எங்கள் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, அவை மறுபடியும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நிறைவேற்றும் பொறுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாதபோது கிராம சபையின் கேள்விகள் காற்றில் போகின்றன.

உ. எங்கள் பக்க உறுதிகள்

கேட்பதோடு நாங்கள் நிறுத்தவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட மாட்டோம். எங்கள் வீட்டுக் குழாய்க்காக மட்டும் வந்து, அது பேசப்பட்டதும் எழுந்து போக மாட்டோம். தீர்மானங்கள் வாசித்து முடியும்வரை இருப்போம். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி அடுத்தவருக்கு இடம் விடுவோம். தேர்தல் பகையைச் சபைக்குள் கொண்டுவர மாட்டோம். குடித்துவிட்டு வந்து கலைப்பவரை எங்கள் கட்சிக்காரர் என்பதற்காகக் காப்பாற்ற மாட்டோம். செயலரும் டேங்க் ஆபரேட்டரும் தூய்மைக் காவலர்களும் எங்கள் ஊழியர்கள் என்பதற்காக அவர்களை அதட்டும் உரிமை எங்களுக்கு இல்லை. அவர்களுடைய சம்பள பாக்கியும் சபையின் பொருள்தான். ஒவ்வொரு முறையும், இதுவரை வராத ஒருவரை அழைத்து வருவோம். பேசத் தயங்குபவர் சொல்வதை எழுதிக் கொடுப்போம்.

வாக்காளர்களே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாள்கள். அடுத்து வருவது எதுவோ, அதற்கு இந்தச் சாசனத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊருக்குப் பொருந்தும் கோரிக்கைகளைத் தீர்மானமாக முன்மொழியுங்கள். அவை புத்தகத்தில் ஏறும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள்.