கோடுகள் சொல்லும் பழைய கதை

பழைய கார் வாங்குவோர் பலர் பளபளக்கும் சாயத்தைப் பார்த்தே முன்பணம் கட்டிவிடுகின்றனர். சில வாரங்களில், வெயிலில் நிறுத்தும்போது கதவில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. கார் கழுவியவர் மீது பழி விழுகிறது, பாவம்.

கோடு நகத்தில் தட்டுப்படவில்லை, தண்ணீர் தெளித்தாலும் மறையவில்லை என்றால், பெரும்பாலும் அது சாயம் பூசுமுன் உப்புத்தாள் தேய்த்த தடமே. அடிப்பூச்சு சரியாகக் காயுமுன் மேற்பூச்சு அடித்திருந்தால், அது சுருங்கச் சுருங்கத் தடம் வெளிவரும். பாலிஷ் போட்டு இதை மறைப்பது கடினம். காந்தமும் அங்கே சரியாக ஒட்டாவிட்டால், நசுங்கிய கதவைத் தடித்த பட்டி வைத்து நிரப்பியிருக்கலாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால், ‘விபத்தில் சிக்காத கார்’ என்று விற்றவர் வாயால் சொன்னதை அங்கே நிரூபிப்பது எளிதல்ல. முன்பண ரசீதிலேயே அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.