ஒரே வீட்டுக்கு நர்சும் வருகிறார், ஆசிரியரும் வருகிறார்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்று ஒரு சிற்றூர். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி அதன் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கேதான் தொடங்கி வைத்தார்.

சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டிலேயே மாத்திரை கிடைக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அதே திட்டத்தில் ஒரு நர்சும் வருகிறார். அது பலருக்குத் தெரியாது.

இவர் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கென்றே வருகிறவர். புண்ணைக் கழுவிக் கட்டுவார். மூத்திரக் குழாயை மாற்றுவார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று வீட்டாருக்குக் காட்டிக் கொடுப்பார். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் அல்லவா?

வலி எவ்வளவு என்றும் கேட்பார். ஓசூர்ப் பக்கம் இது லேசான கேள்வி அல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். எந்த மொழி பேசுகிறவரும் வலியைத் தாய்மொழியில்தான் சொல்வார்!

"பிழைக்க மாட்டார் என்று ஆன பிறகு எதற்கு சிகிச்சை?" என்று கேட்பவர்கள் உண்டு.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இதற்குப் பதில் சொன்னார். முதலில் நர்சாக இருந்தவர். பிறகு டாக்டருக்குப் படித்தார். இறுதிக்கால நோயாளிகளுக்காக 1967-ல் லண்டனில் ஓர் இல்லம் திறந்தார்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரில் பாதிப் பேருக்கு, வழக்கமான வைத்தியத்துடன் இந்த ஆதரவுச் சிகிச்சையையும் தொடக்கத்திலேயே கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. மற்றவர்களைவிட சுமார் 2½ மாதம் அதிகமாகவும் வாழ்ந்தார்கள்!

ஆனால் உலகில் இந்தச் சிகிச்சை தேவைப்படும் 100 பேரில் சுமார் 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது.

பையனின் படிப்பு

படுக்கையில் இருப்பவர் எப்போதும் கிழவரே என்று நினைக்கக்கூடாது.

தசைச்சிதைவு நோய் கண்ட ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதில் அடிக்கடி விழுவான். பன்னிரண்டு வயது வாக்கில் நடை நின்றுவிடும். பிறகு மூச்சும் இருதயமும் தளரும். ஆனால் படிக்கும் ஆசை தளருமா?

இப்படிப்பட்ட குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறார்.

ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு பேர். ஆசிரியர் கல்வி இலாகா. நர்சு சுகாதார இலாகா. ஒருவர் கண்டதை மற்றவர் அறிய வேண்டாமா? ராத்திரி வலியால் தூங்காத பையன் காலையில் கணக்குப் போடமாட்டான். அது நர்சுக்குத் தெரியும். எழுதும்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறது. அது ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் ஒரு நோட்டு வைத்து இருவரும் எழுதினால் போதும். செலவு பத்து, இருபது ரூபாய்!

இன்னொரு சங்கடம், ஷிப்டு. தாயும் தகப்பனும் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பது பாட்டிதான். நர்சு சொல்லிக் கொடுப்பது அந்தப் பாட்டிக்குப் புரியவேண்டும். வருகிற நேரத்தை ஷிப்டு பார்த்து வைத்தால் பெற்றோரும் கூட இருப்பார்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாத புற்றுநோயாளிகளுக்குப் பெங்களூரில் 'கருணாஸ்ரயா' இல்லம் இருக்கிறது. 1999 முதல் நடக்கிறது. கட்டணம் கிடையாது. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

நர்சு வரவேண்டுமானால் ஊரில் உள்ள பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லலாம். ஆசிரியருக்குப் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்கவேண்டும்.