அமெரிக்க ரயில் இணைப்பு: சரக்கை மறிக்கும் ஏகபோகம்

அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம், நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தை வாங்கப் போவதாக 2025 ஜூலை 29 அன்று அறிவித்தது. பேரத்தின் மதிப்பு 8,500 கோடி டாலர். இது நிறைவேறினால் 43 மாநிலங்களில் 50,000 மைலுக்கும் அதிகமான இருப்புப்பாதையில் ஒரே நிறுவனம் சரக்கு ரயில்களை இயக்கும். தரைவழிப் போக்குவரத்து வாரியத்தின் அனுமதி இன்றி இது நடவாது. டிசம்பரில் அளிக்கப்பட்ட பல ஆயிரம் பக்க விண்ணப்பத்தை, இணைப்புக்குப் பிந்தைய சந்தைப் பங்கு பற்றிய மதிப்பீடு முழுமையாக இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் 2026 ஜனவரியில் வாரியம் திருப்பி அனுப்பியது. மிக முக்கியமான விவரம் மட்டும் விடுபட்டுப்போனது தற்செயல் என்று நம்புவதற்குப் பெருந்தன்மை வேண்டும்!

அந்நாட்டின் சரக்கு ரயில் அமைப்பில் மிசிசிப்பி ஆறு ஓர் எல்லைக்கோடு. மேற்கில் யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எஃப். என இரு நிறுவனங்கள். கிழக்கில் நார்ஃபோக் சதர்ன், சி.எஸ்.எக்ஸ். என இரு நிறுவனங்கள். கலிபோர்னியத் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் ஒஹையோவுக்குச் செல்ல வேண்டுமெனில் சிகாகோ, செயின்ட் லூயி, மெம்பிஸ், நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஏதோவொரு சந்திப்பில் ஒரு நிறுவனம் மற்றொன்றிடம் அதை ஒப்படைத்தாக வேண்டும். யார்டுகளில் வேகன்கள் காத்துக் கிடக்கின்றன, நாட்கள் வீணாகின்றன. இந்தத் தாமதத்தை ஒழிக்கவே இணைகிறோம் என்கின்றன நிறுவனங்கள். தாமதம் உண்மையே. அதற்கு அவை முன்வைக்கும் மருந்துதான் கேள்விக்குரியது.

டெக்சாஸ் கடற்கரையில் யூனியன் பசிபிக் பாதை ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு ரசாயன ஆலையை எடுத்துக்கொள்வோம். இன்று அதன் சரக்கைக் கிழக்கே கொண்டுசெல்ல நார்ஃபோக் சதர்ன், சி.எஸ்.எக்ஸ். ஆகிய இரண்டில் எதிடமும் ஒப்படைக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் யூனியன் பசிபிக்கின் வருவாய் தன் பாதையின் அளவோடு முடிந்துவிடுகிறது. இணைப்புக்குப் பின்னர் கணக்கு மாறும். சரக்கு கடைசிவரை தன் தண்டவாளத்திலேயே ஓடினால் முழுக் கட்டணமும் தனக்கே. சி.எஸ்.எக்ஸ். வழியைப் பெயரளவில் திறந்து வைத்துவிட்டு, அதற்கான கட்டணத்தைக் கட்டுப்படியாகாத உயரத்தில் நிர்ணயித்தால் போதும். கதவைப் பூட்டாமலேயே வாசலை அடைத்துவிடலாம்.

அனுமதிக்கு முன்பே சரக்கு திசைமாறத் தொடங்கிவிட்டது. அறிவிப்பு வெளியான சில வாரங்களில், 2025 ஆகஸ்டில், பி.என்.எஸ்.எஃப்.பும் சி.எஸ்.எக்ஸும் கூட்டாகப் புதிய கன்டெய்னர் சேவைகளை அறிவித்தன. நாளை போட்டியாளராகப் போகும் நார்ஃபோக் சதர்னிடம் இன்று சரக்கை ஒப்படைக்க பி.என்.எஸ்.எஃப்.புக்கு என்ன ஆர்வம் இருக்கும்? இணைப்பு அறிவிப்புக்குப் போட்டியாளர்கள் ஆற்றிய எதிர்வினையால் தன் வருவாய் பாதிக்கப்பட்டதை நார்ஃபோக் சதர்னே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டது. சட்டப்படி இரு நிறுவனங்களும் இன்னமும் தனித்தனியே. சந்தையோ அவற்றை ஏற்கெனவே ஒன்றாகக் கருதி நடக்கிறது. எஞ்சிய நிறுவனங்களும் தற்காப்புக்காக ஜோடி சேரும் என்ற ஊகம் வலுத்துவருகிறது.

இணைப்பு விரைவைத் தரும் என்ற வாக்குறுதிக்கு வரலாறு வேறு சான்று பகர்கிறது. 1996இல் இதே யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக்கை விழுங்கியது. மறு ஆண்டே ஹூஸ்டன் யார்டுகள் திணறின. நெரிசல் மேற்கு முழுவதும் பரவியது. தானியம் வேகன் கிடைக்காமல் வெட்டவெளியில் குவிந்தது. 1997 அக்டோபர் 31 அன்று வாரியமே அவசர ஆணை பிறப்பித்துச் சரக்கில் ஒரு பகுதியை வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1999இல் கான்ரெயில் பங்கிடப்பட்டபோது கிழக்கும் இதே அவதியைக் கண்டது. பெரும் இணைப்புகள் போட்டியைக் காப்பது மட்டும் போதாது, அதை வளர்க்கவும் வேண்டும் என்ற கடுமையான விதி 2001இல் வந்தது இந்தப் பாடங்களால்தான். அந்த விதியின்கீழ் வந்திருக்கும் முதல் பெரும் சோதனை இது. இந்நிலையில், 2023இல் கனடியன் பசிபிக்-கன்சாஸ் சிட்டி சதர்ன் இணைப்பை எதிர்த்து வாக்களித்த ஒரே வாரிய உறுப்பினர் ராபர்ட் பிரைமஸை, 2025 ஆகஸ்டில் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கினார். இணைப்பு நல்லதாகத் தோன்றுகிறது என்று அடுத்த மாதமே அவர் கூறினார்.

இடதுசாரிகள் ஒருங்கிணைப்புக்கு எதிரானவர்கள் அல்லர். 1917 இறுதியில் போர்ச் சரக்கு கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் தேங்கி, தனியார் நிறுவனங்களால் அதை அவிழ்க்க முடியாமற்போனபோது, வில்சன் அரசு ரயில்வேயைத் தன் பொறுப்பில் எடுத்தது. எந்த நிறுவனத்தின் பாதை என்று பாராமல் குறுகிய வழியில் வேகன்கள் அனுப்பப்பட்டன. அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கும் பிளம் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் முன்வைத்தன. நாடாளுமன்றம் மறுத்து, 1920 மார்ச் 1 அன்று முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்தது. நம் நாட்டிலும் மதராஸ்-தென் மராட்டா, தென்னிந்திய, மைசூர் ரயில்வேக்கள் 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயாக ஒன்றிணைந்தன. அது பொதுவுடைமையில் நிகழ்ந்த இணைப்பு. தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கு தில்லி சேரும்வரை ஒரு மண்டலம் மற்றொன்றோடு லாபத்துக்காகப் பேரம் பேசுவதில்லை. கன்டெய்னர் கழகத்தின் 30.8 சதவீதப் பங்குகளை விற்க 2019இல் ஒப்புதல் அளித்த ஒன்றிய ஆட்சியாளர்கள் அமெரிக்க அனுபவத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

தொழிலாளர் தரப்பு பிளவுபட்டுள்ளது. பணியில் உள்ளோருக்கு வேலை உத்தரவாதம் பெற்றுக்கொண்டு ஸ்மார்ட்-டி.டி. சங்கம் ஆதரவளிக்கிறது; டீம்ஸ்டர்ஸ் சங்கம் எதிர்க்கிறது. பெரும் ரயில் நிறுவனங்கள் ஆறே ஆண்டுகளில் சுமார் 45,000 பணியிடங்களை ஒழித்ததை 2022இல் அன்றைய வாரியத் தலைவரே சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில், ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பு கேட்டவர்களின் வேலைநிறுத்தத்தை நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது. ஓய்வுபெறுவோரின் இடங்கள் நிரப்பப்படுமா, மூடப்படும் சந்திப்பு யார்டுகளின் ஊழியர்கள் எத்தனை மைல் தொலைவுக்கு மாற்றப்படுவர் என்பதை வாரிய விசாரணையில் சங்கங்கள் எழுத்துமூலம் கேட்டுப்பெற வேண்டும்.