வார்மர் பக்கத்தில் ஒரு நாற்காலி

“சிஸ்டர், நான் இவனைத் தூக்கலாமா?”

பெற்றவள் என்னிடம் அனுமதி கேட்டாள். சிசேரியன் ஆகி இரண்டாம் நாள், வீல்சேரில் வந்திருந்தாள். பிள்ளைக்கு எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம். 18ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. இதயத்திலும் ஓட்டை. வென்டிலேட்டர் வேண்டாம் என்று டாக்டரும் குடும்பமும் பேசி முடிவு செய்திருந்தார்கள். காலில் கட்டிய பட்டையில் அவனுக்கென்று பெயரில்லை, ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மா பெயர்தான்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ் நான். முடிவைச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த குழந்தையைப் பார்க்கப் போயாக வேண்டும். விடியும்வரை அந்தக் குழந்தையோடு இருப்பது நாங்கள். கேஸ் ஷீட்டில் என்ன செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. காலை ஆறு மணிக்குப் பழக்க தோஷத்தில் சர்க்கரை பார்க்க லான்செட்டை எடுத்துக் குதிகாலைப் பிடித்துவிட்டேன். அந்த நம்பரை வைத்து யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

பச்சைப்பிள்ளைக்கு வலி தெரியாது என்று நம்பி 1980கள்வரை மேலைநாடுகளிலேயே சரியான மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்திருக்கிறார்கள். இன்று அப்படி யாரும் பேசுவதில்லை. ஆனால் கைக்குப் பழக்கம் போகவில்லை.

லான்செட்டை வைத்துவிட்டு மானிட்டர் சத்தத்தை நிறுத்தினேன். தாய்ப்பாலில் பஞ்சை நனைத்து உதட்டில் தடவினேன். அவள் நெஞ்சில் அவனைச் சாய்த்து, மூச்சு நின்று நின்று வரும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொன்னேன். பாட்டி மைப்பொட்டு வைக்க வேண்டும் என்றார். இன்ஃபெக்‌ஷன் என்று விரட்டுவதுதான் எங்கள் வழக்கம். வையுங்கம்மா என்றேன்.

எல்லா வயதினருக்கும் வலிதணிப்புப் பராமரிப்பு வேண்டும் என்று உலக சுகாதார சபை 2014இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. நான் கேட்பது அதில் ஒரு துளி: பிள்ளையைச் சூடாக வைக்கும் வார்மர் பக்கத்தில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, ஒரு திரை, அப்பாவுக்கும் பாட்டிக்கும் அனுமதி. வலிக்கு என்ன மருந்து, எந்த ரத்தப் பரிசோதனை இனி வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் டாக்டர் கையெழுத்து. அன்றைக்கு அந்தக் குழந்தையோடு இருக்கும் நர்ஸுக்கு மற்ற குழந்தைகளைக் குறைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அவன் போன மறுநாள் மாடி வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. இப்படி ஆகும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, நானும்தான். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பிள்ளைகள். திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து வைத்தேன்.